பனங்கிழங்குப் பழி

பழவேற்காடு
27.1.1998

மாமாவுக்கு லோகநாயகி எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். மூக்கில் குழாயோடு ஐந்து நாள் கிடந்தவரிடம் வேறு மாதிரிதான் கேட்க வேண்டும். உப்பின வயிறு இறங்கியதா? வாந்தி நின்றதா? வெளிக்கு ஒழுங்காகப் போகிறீர்களா? இதைப் போனில் கேட்கலாம் என்றுதான் காஜா மைதீன் பாய் கடைக்குப் போனேன். வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் "வெளிக்குப் போனீங்களா"ன்னு கத்த எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்த இன்லண்டு.

ஐப்பசியில் உங்கள் குடலில் ஒன்றரை அடி வெட்டி எடுத்தபோதே டாக்டரம்மா சொன்னார்கள், நார் உள்ளது எதுவும் இனி ஆகாது என்று. காகிதத்தில் எழுதியும் கொடுத்தார்கள். அது அரிசிப் பானைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. வாழைத்தண்டு, முருங்கைக்காய், கீரைத் தண்டு, கடைசியில் பனங்கிழங்கு. அந்தக் கடைசி வரி நான் கேட்டு எழுத வைத்தது. தை மாதத்தில் அது இல்லாத வீடு நம் குப்பத்தில் உண்டா?

அப்படியும் காணும் பொங்கல் சாயங்காலம் உங்களுக்கு வயிறு பிடித்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, குடல் அடைத்திருக்கிறது, நாரா என்ன சாப்பிட்டார் என்றார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். உங்கள் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"வூட்ல கெழங்கு அவிச்சியா?"

"அவிச்சேன். பாப்பாவுக்கு."

"இன்னா பொம்பள நீ? அறுத்த வயித்துக்குக் கெழங்கு குடுத்துப் புருஷனக் கொல்லப் பாத்தியே!"

வார்டே திரும்பிப் பார்த்தது. ஐந்தாம் நாள் உங்களைக் காசிமேட்டுக்கு அவர் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டார். நான் கொண்டுவந்த மாற்று வேட்டியை வாங்கிக்கொண்டு என்னை ஆஸ்பத்திரி வாசலோடு அனுப்பிவிட்டார்.

உங்கள் தட்டில் நான் கிழங்கு வைக்கவில்லை. அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அப்படியானால் அது எப்படி உள்ளே போனது மாமா?

பாப்பா கேட்டாள் என்று எழுதச் சொன்னாள்.

லோகநாயகி


காசிமேடு
2.2.1998

லோகா,

கடிதம் வந்தது. பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக அனுப்பு.

இங்கே அண்ணி நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். காலையில் கஞ்சித் தண்ணீர், மத்தியானம் கஞ்சித் தண்ணீர், சாயங்காலம் ஒரு மாறுதலுக்குக் கஞ்சித் தண்ணீர். இந்தப் பத்தியம் அண்ணியுடையது அல்ல, என்னுடையது. சோற்றைக் கண்டால் பயமாக இருக்கிறது. ஒரு வாய் வைத்தால் போதும், காது முழுக்க வயிற்றின் மேல்தான். கொஞ்சம் உறுமினால் இதோ வந்துவிட்டது என்று கை கால் சில்லிடுகிறது. வலி வரும் விதத்தை உன்னிடம் சொன்னதில்லையே. தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழியும், விடும், மூச்சு வாங்கும் முன் மறுபடி பிழியும். அது இன்னொரு முறை வருவதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று தோன்றுகிறது.

எடை நாற்பத்து மூன்று கிலோ. நம் ஊர் டச்சுக் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு நிற்கின்றனவே, மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டுமென்றால் நான் தயார். செதுக்கும் கூலிகூட மிச்சம்.

அண்ணன் கோபக்காரர், ஆனால் நல்லவர். நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. நாளானால் எல்லாம் ஆறிப்போகும்.

தாமோதரன்


பழவேற்காடு
6.2.1998

மாமாவுக்கு,

இன்லண்டில் ஒட்டுகிற இடம்கூட விடாமல் எழுதியிருக்கிறீர்கள். கஞ்சி இருக்கிறது, கல்லறை இருக்கிறது, அண்ணனின் நல்ல குணம் இருக்கிறது. கிழங்கு என்ற சொல் மட்டும் இல்லை. நான் கேட்டது ஒரே கேள்வி.

இங்கே என்ன நடக்கிறது என்று தெரியுமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? தண்ணீர்க் குழாயடியில் எனக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள், 'கெழங்குக்காரி' என்று. குப்பம்மா என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். "இன்னாடி, புருஷனுக்கு இன்னிக்கு இன்னா அவிச்சே?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாப்பாவும் குடத்தோடு அங்கேதான் நின்றாள். "எங்கம்மா குடுக்கல"ன்னு அவள்தான் சொன்னாள், எட்டு வயதுப் பிள்ளை. அதைச் சொல்ல வேண்டியது அவளா?

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பாவம் யாருடையது என்று நீங்கள் வாயைத் திறந்து சொல்கிற வரைக்கும் இந்த வாசலுக்கு வர வேண்டாம்.

மாசி மகத்துக்கு முந்தின ஞாயிறு, மார்ச் எட்டாம் தேதி, பாடு சீட்டு எடுக்கிறார்கள். ஏரியில் இந்த வருஷம் யார் எந்த முறையில் வலை கட்டுவது என்பது அன்றைக்குத்தான் முடிவாகும். வராதவன் பெயர் அடித்துவிடப்படும் என்று பெரியவர் சிங்காரம் சொல்லி அனுப்பினார். சொல்லிவிட்டேன்.

கஞ்சித் தண்ணீரில் உயிர் நிற்காது. அரிசியைக் குழைய வடித்துக் கையால் மசித்து, மோர் விட்டு, உப்புப் போட்டு, ஒரு கரண்டி மட்டும் சாப்பிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு கரண்டி. கோபம் வேறு, இது வேறு.

லோகநாயகி


காசிமேடு
13.2.1998

லோகா,

இந்தக் கடிதத்தை நாலு முறை கிழித்துப் போட்டு ஐந்தாம் முறை எழுதுகிறேன்.

கிழங்கை நான் தின்றேன். நீ கொடுக்கவில்லை.

காணும் பொங்கலன்று ஏரிக்கரையில் வலை காயப் போடும் இடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சருகைக் கொளுத்திக் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா போய் நின்றேன். பச்சைமுத்து கூப்பிட்டான். "இன்னாடா தாமு, அல்சரு தான் ஆபரேஷன் பண்ணி சரியாப் போச்சின்னியே, அப்பறம் இன்னா ஓரமா நிக்கற? வா, துன்னு"ன்னு சொல்லி, தான் கடித்துக்கொண்டிருந்த கிழங்கைப் பாதியாக ஒடித்து என் கையில் வைத்தான்.

முந்தின வருஷம் முழுக்க நடந்தது உனக்கு நினைவிருக்கும். என் வயிற்றுப்போக்கைக் குடல் டி.பி. என்று நினைத்து மாத்திரை கொடுத்தார்களே, அந்த ஒரு வருஷம் இதே பச்சைமுத்து எனக்கென்று தனி கிளாஸ் வைத்து அதில்தான் டீ வாங்கிக் கொடுத்தான். படகில் பக்கத்தில் உட்கார மாட்டான். அவன் மேல் தப்பில்லை, வீட்டில் கைக்குழந்தை. அப்படிப்பட்டவன் தன் எச்சில் கிழங்கைக் கொடுக்கிறான். எப்படி வேண்டாம் என்பேன்? வாங்கித் தின்றேன். அப்புறம் நானே எடுத்து இன்னொன்று தின்றேன். நார்கூட உரிக்கவில்லை, மென்று தின்னவும் இல்லை. ஒரு வருஷத்துப் பசி லோகா, அது வயிற்றுப் பசி இல்லை.

அண்ணன் உன்னைத் திட்டியபோது தொண்டையில் குழாய் இருந்தது, பேச முடியவில்லை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் குழாயை எடுத்த பிறகும் ஒரு நாள் அங்கேதானே இருந்தேன்? நீ மாற்று வேட்டியோடு வாசலில் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இதற்குக் கோழைத்தனம் என்றுதான் பெயர்.

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்காக ராப்பகலாக ஓடியவர். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நினைக்கும்போதெல்லாம் வேறு ஏதாவது பேசிவிடுகிறேன்.

மோர்ச் சோறு மூன்று கரண்டி இறங்குகிறது.

தாமோதரன்


பழவேற்காடு
18.2.1998

மாமாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் உங்களை வாயில் வந்தபடி திட்டினேன். நல்லவேளை, வீட்டில் ஆளில்லை. அப்புறம் அழுதேன். மறுபடி படித்தேன். எச்சில் கிழங்கு என்று எழுதியிருந்த இடத்துக்கு மேல் அன்றைக்கு என்னால் போக முடியவில்லை.

ஒன்றை நானும் ஒத்துக்கொள்ள வேண்டும். அல்சர் என்று ஊரில் சொன்னது யார்? நான். இது டி.பி. இல்லை, கிரோன் என்று ஒரு நோய், யாருக்கும் ஒட்டாது, ஆனால் விட்டுவிட்டு வரும், வாழ்நாளுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு, பஸ்ஸில் திருப்பாலைவனம் தாண்டும்போது நான்தான் சொன்னேன். "வாயில நொழையாத பேரு. மறுபடியும் தனி கிளாஸ் வெப்பானுங்க. அல்சருன்னு சொல்லிடலாம், அறுத்தாச்சு, முடிஞ்சுதுன்னு சொல்லிடலாம்." நீங்கள் தலையை ஆட்டினீர்கள். முடிந்துபோன நோய்க்காரன் கிழங்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? நோய் என்னவென்று தெரிந்திருந்தால் பச்சைமுத்து தட்டிவிட்டிருப்பான். கிழங்கு உங்களுடையது, பொய் என்னுடையது. இரண்டும் சேர்ந்துதான் குடலை அடைத்திருக்கிறது.

வாசலுக்கு வர வேண்டாம் என்று எழுதினேன். அதைப் படிக்காதது போல நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். எனக்காக இல்லை என்று சொன்னால் பொய். எனக்காகத்தான். பாப்பாவுக்காகவும்.

சீட்டு எடுக்கிற அன்றைக்கு வந்து, ஊர் முன்னால் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். தனி கிளாஸ் வைத்தால் வைக்கட்டும். நானும் அதே கிளாஸில் குடிக்கிறேன்.

உங்கள் அண்ணியைச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்ச வைக்காதீர்கள். அக்கா பாவம்.

லோகா


காசிமேடு
3.3.1998

லோகா,

பயப்படாமல் படி. நன்றாக இருக்கிறேன், உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை மறுபடி வந்தது. கிழங்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இட்லிதான் தின்றேன். பத்து மணிக்கு அதே பிழியல். போன முறை, சரியாகிவிடும் என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு எட்டு மணி நேரம் வீட்டிலேயே கிடந்தேனே, அந்தப் புத்தியை இந்த முறை விட்டேன். வலி விட்டுவிட்டு வருகிறதா, வருகிறது. வயிறு உப்புகிறதா, உப்புகிறது. காற்றுப் பிரிகிறதா, இல்லை. பச்சையாக ஒரு வாந்தி. அவ்வளவுதான், வாயில் எதையும் போடாமல் அண்ணனைக் கூப்பிட்டு ஆட்டோ வைக்கச் சொன்னேன்.

அந்த ஆட்டோவில் சொன்னேன். வலி விடுகிற நேரமாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். "அண்ணா, அன்னிக்கி கெழங்க நான்தான் துன்னேன். ஏரிக்கரைல. லோகா குடுக்கல." ஆட்டோ ராயபுரம் பாலம் ஏறி இறங்கியது. அப்புறம் அண்ணன் மெல்லக் கேட்டார். "அந்தப் பொண்ண வார்டுல வெச்சி நான் பேசும்போது நீ முயிச்சிக்கினு தானேடா இருந்தே?" ஆமாம் என்றேன். அதற்குமேல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். வலியைவிட அது கஷ்டமாக இருந்தது.

குழாய் போட்டு, டிரிப் ஏற்றி, வாயைக் கட்டிப் படுக்க வைத்தார்கள். இரண்டாம் நாள் காலையில் காற்றுப் பிரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். அந்த வார்டில் அதுதான் நல்ல செய்தி. டாக்டரம்மா வந்து சொன்னார்கள்: வெட்டித் தைத்த இடத்தில் தழும்பு இறுகிக் குடல் குறுகியிருக்கிறது, அதனால் எப்போதாவது இப்படி ஆகலாம், சாப்பிட்டது தப்பென்று நினைத்துப் பட்டினி கிடக்க வேண்டாம், மறுபடி அறுக்க வேண்டிய தேவை இப்போது இல்லை. "நீங்களே கண்டுபிடிச்சு நேரத்தோட வந்தீங்க பாருங்க, பாதி வைத்தியம் அதுலயே ஆயிடுச்சு" என்றார்கள். லோகா, அந்தப் பூதத்தின் முகம் எனக்கு இப்போது தெரியும். வந்தால் என்ன செய்வது என்பதும் தெரியும். பயம் போய்விடவில்லை, பாதியாகியிருக்கிறது.

ஆனால் இரண்டு வாரம் பஸ் ஏறக் கூடாதாம். எட்டாம் தேதிக்கு வர முடியாது. ஊருக்குச் சொல்ல வேண்டியதைத் தனித் தாளில் எழுதி இதோடு கவரில் வைத்திருக்கிறேன். பச்சைமுத்துவிடம் கொடு, அவன் படிக்கட்டும். பெயரை அடித்தால் அடிக்கட்டும்.

தாமோதரன்


பழவேற்காடு
9.3.1998

மாமாவுக்கு,

நேற்றுச் சீட்டு எடுத்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூட்டத்தில் பெண்கள் உட்காருகிற வழக்கம் இல்லையே. நாங்கள் எல்லோரும் வலைக் குவியலுக்கு இந்தப் பக்கம் நின்றோம். பச்சைமுத்து எழுந்து உங்கள் தாளைப் பிரித்தான். "ஊர்ப் பெரியவங்களுக்கு தாமோதரன் எழுதறது. எனக்கு வந்தது அல்சர் இல்ல, டி.பி.யும் இல்ல" என்று படித்தான். அடுத்த வரி, "என் மனைவி கிழங்கு தரவில்லை, காணும் பொங்கலன்று கரையில் நானே வாங்கித் தின்றேன்." அதற்குப் பிறகு அவனால் முடியவில்லை. வாங்கியது யார் கையிலிருந்து என்று நீங்கள் எழுதவில்லை. அவனே சொன்னான். "என் கைல இருந்துதான் வாங்கினான்"னு சொல்லித் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

யாரும் தாளை எடுக்கவில்லை. நான் போய் எடுத்தேன். மீதியை நான்தான் படித்தேன் மாமா. கிரோன் என்று சத்தமாகப் படித்தேன். அல்சர் என்ற பொய் என்னுடையது என்று தாளில் இல்லாததையும் சேர்த்துப் படித்தேன்.

பெரியவர் சிங்காரம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது ஒட்டுமாம்மா?"

"ஒட்டாது."

"வலை கட்ட வருவானா?"

"தெம்பு வந்தா வருவாரு. நடுவுல ஆஸ்பத்திரிக்கும் போவாரு."

"அப்ப பேரு இருக்கட்டும். வராத அன்னிக்கி யார் கட்டறது?"

பச்சைமுத்து உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினான். உங்கள் சீட்டை என்னையே எடுக்கச் சொன்னார்கள். ஏழாவது பாடு வந்தது, வைகாசியில். அதற்குள் பத்துக் கிலோ ஏற்றிக்கொள்ளுங்கள்.

குழாயடியில் இன்று காலையிலும் 'கெழங்குக்காரி' என்றுதான் கூப்பிட்டார்கள், ஆனால் குடத்தை முதலில் வைக்க விட்டார்கள். குப்பம்மா வீட்டுக்கு வந்து, ஆணியில் தொங்கும் காகிதத்தைப் பாப்பாவை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். உங்களுக்கு மீன் அனுப்பினால் எதை அனுப்பலாம் என்று தெரிய வேண்டுமாம். கிழங்கான் என்றேன். முள் குறைவு, சதை பஞ்சு, பிள்ளை பெற்றவளுக்கும் அதைத்தானே கொடுப்போம்.

உங்கள் அண்ணன் இன்னும் பேசவில்லையா?

லோகா


காசிமேடு
14.3.1998

லோகா,

உன் கடிதத்தை அண்ணன்தான் தபால்காரரிடம் வாங்கினார். என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். கடைசி வரியையும் படித்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்தவர் கையில் அரைக் கிலோ கிழங்கான். துறைமுகத்தில் தேடி அலைந்திருக்கிறார்.

அண்ணி முள்ளெடுத்துக் குழம்பு வைத்தார். குழைந்த சோறு, இரண்டு மீன். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்றேன். அண்ணன் எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் சொன்னார். "நாலு பேர் முன்ன அந்தப் பொண்ண பேசிட்டேன். நாலு பேர் முன்னதான் மன்னிப்பு கேக்கணும். ஒங்க ஊரு கொயாயாண்ட நின்னு கேக்கறேன்." குழாயடி வேண்டாம் அண்ணா, வீட்டுக்குள் கேளுங்கள் என்றேன். கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு என்னைக் கொண்டுவந்து விடும்போது நேராகக் குழாயடிக்குத்தான் வருவாராம். கூட்டம் குறைவாக இருக்கிற நேரம் எது என்று எழுது. இல்லை, வேண்டாம். கூட்டமாக இருக்கிற நேரத்தையே எழுது.

வைகாசியில் தெம்பு வருமா என்று தெரியாது. நடுவில் இன்னொரு முறை அடைத்தாலும் அடைக்கலாம். ஆட்டோவுக்குச் சொல்ல எனக்குத் தெரியும். அடுத்த காணும் பொங்கலுக்குக் கரையில் எல்லோரும் கிழங்கு தின்னும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பேன். கிளாஸைப் பற்றி இனிக் கவலை இல்லை.

ஜனவரியில் எழுதிய முதல் கடிதத்தில் நீ மூன்று கேள்வி கேட்டிருந்தாய். கிழங்குக் கேள்விக்குப் பயந்து அவற்றுக்கும் பதில் எழுதாமல் விட்டிருக்கிறேன். இன்று எடுத்துப் பார்த்தேன்.

வயிறு இறங்கிவிட்டது. வாந்தி இல்லை. இன்று காலை வெளிக்கு ஒழுங்காகப் போனேன். இதையெல்லாம் காகிதத்தில் எழுத எனக்கு உலகத்தில் உன்னைத் தவிர ஆளில்லை.

பசிக்கிறது லோகா.

தாமோதரன்